ஒரே ஆள் இரண்டாகத் தெரிந்தால்

ஐம்பது வருடம் ஊராருக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட மனிதருக்குக் கண்ணாடி மாட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆவுடையப்பன் அன்றைக்கு அதை ஜெயசீலிக்கு நன்றாகவே புரியவைத்தார்.

"காது இங்கன இருக்கு. நீ கம்பியை எங்கன மாட்டுத?" என்றார். கழற்றினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இது யாரு செஞ்ச ஃபிரேமு? மூக்குல நிக்காது. பவரும் தப்பு."

"இதுல பவரே கிடையாது, ஐயா."

"பவர் இல்லாத கண்ணாடியை எனக்கு எதுக்கும்மா மாட்டுத?"

நியாயமான கேள்விதான். ஜெயசீலி சிரித்துச் சமாளித்தாள். அவள் மறதி நோய்க்காரர்களை வீட்டில் வந்து பார்க்கும் நர்ஸ். இப்படிப்பட்ட கேள்விகளுக்குச் சிரித்துச் சமாளிப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. கண்ணாடியை ஒருவழியாக அவர் மூக்கில் உட்காரவைத்துவிட்டு, உள்ளறைப் பக்கம் திரும்பி, "வாங்கக்கா" என்றாள்.

கதவுக்குப் பின்னால் கோமதி நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது. காட்டன் புடவை, ஒற்றைப் பின்னல், இடது புருவத்தின் மேல் ஒரு பிளாஸ்திரி. அது அப்பா கொடுத்த பரிசு. போன வாரம் சென்னையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவளைப் பார்த்து, "யாரு இந்தப் பொம்பளை, வீட்டுக்குள்ள எப்படி வந்தா" என்று கத்தி, கையில் கிடைத்த இரும்புக் கண்ணாடிக் கூட்டை வீசியிருந்தார். அவர் தேடியது லிங்கத்தை. சங்கரலிங்கம், அவருடைய ஒரே மகன். இரண்டு முறை பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தனியாகப் போய், வருகிறவன் போகிறவனை எல்லாம் நிறுத்தி மகனைக் கேட்டிருக்கிறார்.

மகன் வந்துதான் இருந்தான். ஆனால் மகனாக இல்லை. இருபத்திரண்டு வயதுவரைக்கும் சங்கரலிங்கமாக இருந்தவள்தான் கோமதி.

அவள் தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏல லிங்கம். எங்கல போன? சாப்பிட்டியா?"

கோமதி அவர் எதிரே வந்து நின்றாள்.

"சாப்பிட்டேன்ப்பா," என்றாள். அவர் காதில் விழுந்த குரல் அவளுடையது இல்லை.

இந்த மாதிரிக் கண்ணாடிகள் வந்த புதிதில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வயதானவர்களை ஏமாற்றுகிற வேலை என்றார்கள் சிலர். பேப்பரில் கூட விவாதம் நடந்தது. வீட்டில் மறதி நோய்க்காரரை வைத்துப் பார்த்தவர்கள் மட்டும் வாயைத் திறக்காமல் போய் வாங்கிக்கொண்டார்கள்.

"இந்த நோய்ல முதல்ல போறது புதுசுதான்க்கா," என்று ஜெயசீலி முதல் நாள் விளக்கியிருந்தாள். "பழசு கடைசி வரைக்கும் நிக்கும். ஐயா மனசுல இருக்கது இருபது வயசுப் பையன். ஃபிரேம்ல கேமரா இருக்கு. நீங்க கிட்ட வந்தா, அந்தப் பையன் உருவத்தை உங்க மேல வரைஞ்சு லென்ஸ்ல காட்டும். காதுக்குப் பின்னால வர்ற கம்பி குரலை மாத்திக் குடுக்கும். அவரு கண்ணுக்கு மவன் நடந்து வருவான், மவன் சோறு போடுவான். பயம் போயிரும். பயம் போச்சுன்னா பாதி நோய் போன மாதிரி."

"அப்ப நான்?"

"நீங்க நீங்கதான்க்கா. அவருக்கு மட்டும்தான் வேற மாதிரித் தெரிவீங்க," என்றாள்.

கண்ணாடிக்கு ஏற்பாடு செய்தது ஷார்ஜாவில் இருக்கும் அக்கா பகவதி. நல்லவள்தான். ஆனால் போனில் அவள் சொன்னது கோமதியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது. "கொஞ்ச நாளைக்கு அவனா இருந்துட்டுப் போயேன். அப்பாவுக்காக. என்ன குறைஞ்சு போச்சு?"

என்ன குறைந்துபோகும் என்பதைக் கண்ணாடிக்குக் குரல் பதிவு செய்த அன்றைக்கே கோமதி பார்த்தாள். பழைய முகத்துக்குப் போட்டோக்கள் இருந்தன. பழைய குரலுக்கு எதுவும் இல்லை. பகவதி கல்யாண வீடியோவில் லிங்கம் பேசுகிற இடத்தில் எல்லாம் நாதஸ்வரம் கேட்டது. "அரை மணி நேரம் அந்தக் குரல்ல பேசிக் குடுத்தீங்கன்னா போதும்," என்றாள் ஜெயசீலி.

அந்தக் குரலை உதறுவதற்குக் கோமதி பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. சென்னையில் வாடகை அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வருடக்கணக்காக ஒவ்வொரு எழுத்தாகப் பழகிச் சேர்த்த குரல் இப்போதுள்ளது. "அது இப்ப எங்கிட்ட இல்ல, ஜெயசீலி," என்றாள். இருந்தாலும் கருவியை வாயருகே வைத்துக்கொண்டு முயற்சி செய்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே அது வந்துவிட்டது. கடன் கொடுத்தவன் போலத் தொண்டைக்குள்ளேயே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. அத்தனை சுலபமாக வந்ததுதான் அவளைக் கலங்கடித்தது.

ஏன் இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டாள் என்று கேட்டால், அவள் அப்பாமேல் உள்ள பாசம் என்றுதான் சொல்வாள். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அவளுக்கு அப்பாவிடமிருந்து ஒரு பதில் வரவேண்டியிருந்தது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் கடையில் வைத்துத்தான், தான் பெண் என்று அவரிடம் சொன்னாள். அப்போது ஆவுடையப்பன் ஒரு ஃபிரேமில் லென்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் கையை நிறுத்தவில்லை. லென்ஸைப் பொருத்தினார். திருகாணியை முறுக்கினார். துணியால் துடைத்தார். கூட்டில் வைத்து மூடினார். எழுந்து வீட்டுக்குள்ளே போய்விட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே அவள் சென்னைக்கு வண்டி ஏறினாள்.

போய் என்ன பெயர் வைத்துக்கொண்டாள் என்பதைப் பகவதி மூலம் சொல்லியனுப்பினாள். அவள் அம்மா வயிற்றில் இருந்தபோது சங்கரன்கோவிலில் போய் வேண்டிக்கொண்டு, ஆண் என்றால் சங்கரலிங்கம், பெண் என்றால் கோமதி என்று அவர்தான் சாமி சந்நிதியில் வைத்து முடிவு செய்தவர். வீட்டில் சும்மா கிடந்த பெயரைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். அதற்கும் அவர் எதுவும் சொல்லவில்லை. அம்மா இறந்த வீட்டில் கூட, ஓரமாக உட்கார்ந்திருந்தவளுக்குப் பகவதி கையில் காப்பி கொடுத்தனுப்பினாரே தவிர, நேரில் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சரி என்றாரா, வேண்டாம் என்றாரா? கோமதிக்குத் தெரியாது. கேட்டுவிடலாம் என்று துணிச்சல் வந்தபோது அவருக்கு மறதி வந்துவிட்டது.

கண்ணாடியோடு நாட்கள் ஓடின. நிம்மதியாக ஓடின என்றுதான் ஜெயசீலி கண்ணாடிக் கம்பெனிக்குத் தகவல் அனுப்பினாள். ஆவுடையப்பன் கத்துவது நின்றது. பஸ் ஸ்டாண்டுக்குப் போவது நின்றது. லிங்கம் ஊட்டினால் சாப்பிட்டார், லிங்கம் குளிப்பாட்டினால் சொன்னபடி கையைத் தூக்கினார். "எப்பல கல்யாணம் பண்ணப் போற?" என்று தினமும் கேட்டார். "பாப்பம்ப்பா" என்று தினமும் பதில் வந்தது.

கண்ணாடி உருவத்தைத்தான் மாற்றும். சத்தத்தையும் வாசத்தையும் என்ன செய்யும்? வளையல் குலுங்கினால் அவர் சுற்றுமுற்றும் பார்த்து, "யாரு வந்திருக்கா?" என்றார். கோமதி வளையலைக் கழற்றி வைத்தாள். மல்லிகைப் பூ வாசத்துக்குச் செத்துப்போன மனைவியைக் கூப்பிட்டு அழுதார். பூ வைப்பதை விட்டாள். சட்டென்று தூக்கிப் பிடிக்கவும் துடைக்கவும் புடவை தோதுப்படவில்லை என்று லுங்கியும் சட்டையுமாக மாறினாள். எல்லாவற்றுக்கும் நல்ல காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் அவள் எதையும் விடவில்லை.

பெற்றவரைப் பார்த்துக்கொள்கிற வேலை எப்படிப்பட்டது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்குச் சொன்னாலும் தெரியாது. அடுப்பைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியை மறப்பார். இட்லியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பார். ஒரே கேள்வியை அடுத்தடுத்துக் கேட்பார், எல்லாவற்றுக்கும் முதல்தடவை கேட்டதுபோலப் பதில் சொல்லவேண்டும். இதற்கு நடுவில்தான் கோமதி காலையிலும் சாயங்காலமும் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர்களுக்கு அவள் கோமதி மிஸ். கதவுக்கு இந்தப் பக்கம் மிஸ், அந்தப் பக்கம் லிங்கம்.

கண்ணாடி என்ன காட்டுகிறது என்பதைப் போனில் பார்க்க ஒரு வசதி இருந்தது. ஒருநாள் பார்த்தாள். அரும்பு மீசையோடு ஒரு பையன் அப்பாவுக்கு ரசம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. அதற்கப்புறம் அவள் அதைத் திறக்கவில்லை.

"கையைச் சும்மா விடாதீங்க. கடைச் சாமான் எதையாவது குடுங்க, நோண்டிக்கிட்டு இருக்கட்டும்," என்று ஜெயசீலி யோசனை சொல்லியிருந்தாள். மூடிக் கிடந்த கடையிலிருந்து கோமதி ஒரு தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். குட்டித் திருப்புளி, குறடு, பழைய ஃபிரேம்கள், லென்ஸ் அடுக்கிய மரப்பெட்டி. ஆவுடையப்பன் அதைக் கண்டதும் குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி ஆகிவிட்டார். நாள் முழுக்க ஏதாவது ஒன்றைக் கழற்றினார், மாட்டினார். "காது புண்ணாகுது" என்று தன் கண்ணாடிக் கம்பிக்கு ஒரு ரப்பர் உறையைச் செருகிக்கொண்டார். நேற்றுச் சாப்பிட்டது மறந்தவருக்கு, எந்தத் திருகாணிக்கு எந்தத் திருப்புளி என்பது மறக்கவில்லை.

ஒரு குறை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். "ரெண்டாத் தெரியுது."

ஜெயசீலி கண்ணாடியைச் சோதித்தாள், ஒன்றும் இல்லை என்றாள். "குழப்பத்துல சொல்லுதாரு, அக்கா. இந்த நோய்ல அது சகஜம்."

பொங்கல் முடிந்தபிறகு அவர் போக்கு மாறியது. "ஏல லிங்கம்" என்று கூப்பிடுவதை நிறுத்தினார். வேறு பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் "இந்தா" என்றார், அல்லது தொண்டையைச் செருமினார். சரி, பெயரும் போய்விட்டது என்று கோமதி நினைத்துக்கொண்டாள். இதற்காகவா இத்தனையையும் விட்டோம் என்று இருந்தது.

அதைவிட மோசம், குளிக்க வரமாட்டேன் என்றார். சட்டையைக் கழற்றப் போனால் கையைத் தட்டிவிட்டார். வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீ வெளிய போ. நான் பாத்துக்கிடுதேன்," என்றார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏன்ப்பா, நேத்து வரைக்கும் நான்தானே குளிப்பாட்டுனேன்?"

"வெளிய போன்னா போ."

மகளாக வந்தபோது துரத்தினார், இப்போது மகனையும் துரத்துகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. கோபம் வந்ததற்காகத் தன்மேலும் வெறுப்பு வந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். "மிஸ், உங்களுக்கு உடம்பு சரியில்லையா? குரல் வேற மாதிரி இருக்கு."

கோமதி பேச்சை நிறுத்தினாள். தான் பேசிய கடைசி வாக்கியத்தை மனதுக்குள் மறுபடி கேட்டுப்பார்த்தாள். அது லிங்கத்தின் குரல். கண்ணாடி கொடுத்த குரல் இல்லை, அவள் தொண்டையிலிருந்தே வந்தது. "தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று எழுந்துபோய்க் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றாள். லுங்கி, சட்டை, வெறுங்கை. அவளுக்குப் பயமாக இருந்தது. அப்பாவுக்குத் தன்னை ஞாபகம் இல்லை என்று அழுதுகொண்டிருக்கிறோமே, நாமே நம்மை மறந்துகொண்டு வருகிறோமா என்று நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஆவுடையப்பன் குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தானே குளிக்கப் போய் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவை உடைத்தார். எலும்பு முறியவில்லை, முழங்கை மட்டும் வீங்கியது. கோமதி அவரைத் தூக்கப் போனபோது, ஈர வேட்டியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம்," என்று அழுதார்.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். நாகர்கோவில் ரோட்டில் முதியவர்களுக்கான காப்பகம் ஒன்று இருந்தது. சுத்தமான இடம். பகவதியும் போனில் அழுதுகொண்டே சரி என்றாள். திங்கட்கிழமை வண்டி வரும் என்றார்கள். காப்பகத்தில் வேறு ஏற்பாடு இருப்பதால் கண்ணாடியைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

சனிக்கிழமை காலை ஜெயசீலி வந்தாள். ஆவுடையப்பன் ஜன்னலோரம் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஐயா, கண்ணாடியைக் குடுங்க, துடைச்சுத் தாரேன்," என்று நைசாக வாங்கினாள். உள்ளறையில் கோமதி அவருடைய துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெயசீலி அங்கே வந்து உட்கார்ந்து, கண்ணாடியை உறையில் போடப்போனவள், அதை மறுபடி கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது எங்க லென்ஸ் இல்லையே."

"என்ன சொல்லுத?"

"இதைப் போட்டா எழுத்து பெருசாத் தெரியுது. இது சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி. எங்க லென்ஸ்ல ஒரு பூச்சு இருக்கும். கம்பியில இருந்து வர்ற படம் அந்தப் பூச்சுல விழுந்தாத்தான் தெரியும். இதுல என்ன விழும்? ஒண்ணும் விழாது."

கோமதி கையிலிருந்த வேட்டியைக் கீழே வைத்தாள். "போன்ல எல்லாம் சரியா இருக்குன்னுதானே காட்டுது?"

"வரையுறது ஃபிரேம்ல நடக்கு. அது பாட்டுக்கு வரைஞ்சுக்கிட்டுதான் இருக்கும். பாக்க ஆளு இருக்காங்களான்னு அதுக்குத் தெரியாது." ஜெயசீலி கம்பியைத் தடவினாள். ரப்பர் உறை கனமாக இருந்தது. "குரலும் இந்த உறையைத் தாண்டிக் கேட்டிருக்காது."

"எத்தனை நாளா இப்படி?"

கேட்கும்போதே கோமதிக்குத் தெரிந்துவிட்டது. பொங்கல் முடிந்து, அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திய நாள். மகன் முன்னால் கூசாமல் நின்ற மனிதர், வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிய நாள். துரத்தவில்லை அவர். ஒரு பெண்ணுக்கு முன்னால் உடுப்பைக் கழற்றக் கூச்சப்பட்டிருக்கிறார்.

இரண்டு பேரும் ஜன்னலோரம் வந்தார்கள். கோமதி அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கண்ணாடி இல்லாமல் அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். கத்தவில்லை.

"அப்பா, இதுல இருந்த லென்ஸ் எங்கே?"

ஆவுடையப்பன் தட்டுக்குக் கீழே கையை விட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். எண்ணெய்த் தாளில் பதமாகச் சுற்றிய இரண்டு லென்ஸ். புது லென்ஸ் மாற்றினால் பழையதைச் சுற்றி வாடிக்கைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். அதை ஜெயசீலியிடம் நீட்டினார். "உங்க பொருளு. கீறல் விழலை, பாத்துக்கோ."

"ஏன் ஐயா கழத்துனீங்க?"

"ரெண்டாத் தெரியுதுன்னு சொன்னேன்லா. நீ கேட்டியா?" அவர் குரலில் பழைய கடைக்காரரின் கண்டிப்பு இருந்தது. "கண்ணாடி வழியாப் பாத்தா ஒரு பையன் நிக்கான். கண்ணாடிக்குக் கீழ பாத்தா பொம்பளைக் கையி. சோறு குடுக்கது அந்தக் கையி. முதுகு தேய்க்கது அந்தக் கையி. பையன் சும்மா மறைச்சிக்கிட்டு நிக்கான். ஒரே ஆளு ரெண்டாத் தெரிஞ்சா கண்ணாடிதான் தப்பு. ஆளைக் குத்தம் சொல்லக் கூடாது."

ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டாள். "கண்ணாடிக்குக் கீழ எவ்வளவு தெரியும்னு நாங்க யோசிக்கவே இல்லைக்கா," என்று முணுமுணுத்தாள். "அவரு சொன்னதைக் குழப்பம்னு எழுதிப் போட்டேன்."

கோமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்கப் பயமாகவும் இருந்தது. இத்தனை நாள் அவர் பார்த்தது அவளைத்தான். சரி. யாரென்று நினைத்துப் பார்த்தார்? சம்பளத்துக்கு வந்த ஆள் என்றா? அவர் முழங்காலில் கை வைத்தாள்.

"நான் யாருன்னு தெரியுதாப்பா?"

ஆவுடையப்பன் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் அந்தப் பழைய திகைப்பு ஏறத் தொடங்கியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிற முகம். அவர் அவளுடைய கண்களைப் பார்த்தார். சட்டென்று திகைப்பு போய்விட்டது, வேலை வந்துவிட்டது.

"நீ கண்ணைச் சுருக்குத," என்றார். "அன்னைக்கே பாத்தேன். அந்த டிவியைப் பாத்துப் பேசும்போது சுருக்குத. உனக்குக் கண்ணாடி வேணும். நேரா உக்காரு."

தட்டிலிருந்து தேய்ந்துபோன பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுத்தார். இரண்டு கருமணிக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் தூரம் என்று அளக்கிற ஸ்கேல் அது. அவர் கடையில் அதை அளக்காமல் யாருக்கும் லென்ஸ் வெட்டியதில்லை. அதை அவள் மூக்குத் தண்டில் வைத்தார்.

"அசையாத. என் கண்ணைப் பாரு."

கோமதி பார்த்தாள். பன்னிரண்டு வயதில், முதல் கண்ணாடிக்கு அளவெடுத்தபோது இப்படி உட்கார்ந்தது. பிறகு வளர வளர எத்தனையோ தடவை. சென்னைக்குப் போய்க் கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு கண்ணாடியைத் தூக்கி எறிந்தபிறகு அப்பா இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

"அறுபத்தொண்ணரை," என்றார்.

ஸ்கேலை எடுக்கவில்லை. மறுபடியும் அளந்தார்.

"எங்க லிங்கத்துக்கும் அறுபத்தொண்ணரைதான்," என்றார் மெதுவாக. "வலது பக்கம் ஒரு நூல் கூட. அதே மாதிரி."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொகம் மாறும். ஆளு தடிக்கும், வத்தும். வளந்து முடிஞ்சபிறகு இது மட்டும் மாறாது," என்றார், யாருக்கோ தொழில் சொல்லிக்கொடுப்பதைப் போல. பிறகு ஸ்கேலைத் தட்டில் வைத்தார். "இம்புட்டு நாளும் இங்கனதான் இருந்தியா?"

"ஆமாப்பா."

"நான் பஸ் ஸ்டாண்டுல போயில்லா தேடுனேன்."

கோமதி அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் அதற்குத் தடை சொல்லவில்லை. அவள் பின்னலின் மேல் கையை வைத்தார். அதன் நீளத்தைப் பார்ப்பவர்போல நுனிவரை தடவினார்.

"இப்ப என்ன பேரு?" என்று கேட்டார்.

"கோமதி."

"அது நான் வச்ச பேருல்லா," என்றார் ஆவுடையப்பன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். பிறகு தட்டைத் துழாவி ஒரு ஃபிரேமை எடுத்தார், வேண்டாம் என்று வைத்தார், இன்னொன்றை எடுத்தார். சின்னதாக, தவிட்டு நிறத்தில், ஓரம் வளைந்தது. திருகாணியை முறுக்கினார். துணியால் துடைத்தார். இந்தத் தடவை கூட்டில் வைத்து மூடவில்லை. அவள் முகத்தில் மாட்டிவிட்டு, கடையில் செய்வதுபோலக் கைக்கண்ணாடியை எடுத்து அவளுக்கு நேராகப் பிடித்தார்.

"பாரு. சரியா இருக்கா?"

அழுது வீங்கிய முகம், கலைந்த தலை, கோணலாக ஒரு ஃபிரேம். கோமதி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சரியா இருக்குப்பா," என்றாள். அது அவளுடைய குரல்.

கிளம்பும்போது ஜெயசீலி வாசலில் நின்று, "திங்கக்கிழமை வண்டியை என்னக்கா செய்ய?" என்று கேட்டாள்.

"வேண்டாம்னு சொல்லிரு. குளிப்பாட்ட மட்டும் ஒரு ஆம்பளை ஆளு பாத்துக் குடு. அது எனக்கு முதல்லயே தோணியிருக்கணும்." கோமதி சிரித்தாள். "ஒரு மாசம் போகட்டும். முடியலைன்னா அன்னைக்கு நானே கூப்பிடுதேன். முடியலைன்னு சொல்ல இப்ப எனக்கு வெக்கம் இல்ல."

சாயங்கால வகுப்புக்கு அவள் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வளையல் சத்தம் கேட்டு ஆவுடையப்பன் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

இங்கேயே கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நோய் நோய்தான். மறுநாள் காலையில் காப்பி கொண்டுபோனபோது ஆவுடையப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் அந்தத் திகைப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"நீ யாரும்மா?" என்றார். "லிங்கம் எங்கே?"

கோமதி காப்பியை ஓரமாக வைத்தாள். தட்டிலிருந்து ஸ்கேலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே நேராக உட்கார்ந்தாள்.